தம்பி மாட்டிய ஸ்பேசர்

கஜபதியின் காருக்கு அகலமான அலாய் வீல் போடலாம் என்று சொன்னது அவனுடைய மச்சான் பாபுதான். கஜபதி கேட்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கடைசல் வேலை பார்த்து, நரை விழ ஆரம்பித்த பிறகு வாங்கிய முதல் கார் அது. ஆவடியில் ஒரு வாத்தியார் பொத்திப் பொத்தி ஓட்டி விற்ற சின்ன வெள்ளைக் கார். அதோடு வந்த சக்கரமே போதும் என்றுதான் இருந்தான்.

பாபுவுக்கு அது போதவில்லை. வானகரத்தில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டை ஒட்டி அவன் கார் அலங்காரக் கடை வைத்திருந்தான். சீட் கவர், பாட்டுப் பெட்டி, ஃபாக் லைட், விதவிதமான வீல்கள்.

"கடைய வச்சிகினு எங்கக்கா தகர வீலு வண்டில போவுதுன்னா, பாக்கறவன் இன்னா நெனைப்பான் மாமா?"

கஜபதியின் மனைவி எழிலரசிக்கு அதைக் கேட்டுப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா போன பிறகு பத்தாவதோடு படிப்பை விட்டு, அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கப் போனவள் அவள். தம்பி பாலிடெக்னிக் முடித்ததும் கடை போட்டதும் அந்தக் காலரில்தான். இப்போது வெள்ளானூரில் வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி, புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டுகளுக்குக் கொடுக்கிறாள். ஐ.டி. வேலைக்குப் போகிற பிள்ளைகள் காலை ஏழு மணிக்கே பாக்கெட் கேட்டு நிற்பார்கள். வெயில் ஏறினால் மாவு பொங்கிப் புளித்துவிடும், மழை வந்தால் பொங்கவே பொங்காது. வானத்தைப் பார்க்காமல் அவள் உளுந்து ஊறப்போட்டதில்லை.

தம்பி கொடுத்த அலாய் வீலில் ஒரு கோளாறு இருந்தது. அளவு இந்தக் காருக்கானதல்ல. பின்னால் ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் டயர் உள்பக்கம் சர்ரென்று உரசியது. சொன்னதும் பாபு, "அதுக்குத்தான் ஸ்பேசர் கீது, வண்டிய எடுத்தாங்க" என்றான்.

மாசி மாத ஞாயிற்றுக்கிழமை அது. கடைவாசலில் காரை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள். பாபு உள்ளேயிருந்து இரண்டு வட்டமான அலுமினியத் துண்டுகளைக் கொண்டுவந்தான். ரெண்டு விரல் கனம், பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். அச்சின் முகப்பில் முதலில் இதை முடுக்கி, இதன்மேல் சக்கரத்தை மாட்ட வேண்டும். சக்கரம் அந்த ரெண்டு விரல் வெளியே தள்ளி நிற்கும், உரசாது.

கஜபதி ஒன்றை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்தான். உலோகத்தைத் தொட்டே பிழைத்த கை.

"இது உருக்கி ஊத்தின காஸ்டிங்கா, அடிச்சி எடுத்த ஃபோர்ஜிங்கா?"

"ஃபோர்ஜிங்தான் மாமா. ஒங்களுக்குப் போயி மட்டமான சரக்கக் குடுப்பேனா?"

"பெயிண்ட் எதுக்கு இதுக்கு?"

"கம்பெனிலயே அடிச்சி அனுப்பறான். வெளிய தெரிஞ்சா ஒரு கெத்து."

"சக்கரம் வெளிய தள்ளிப் போனா பேரிங்குக்கு பாரம் ஏறும்ல? நட்டு மேலயும்தான் இழுப்பு. சேப்டியா இது?"

பாபு சிரித்தான். "மாமா, என் வண்டில ரெண்டு வருஷமா இதான் ஓடினுகீது. பெங்களூரு போயி வந்துட்டேன், திருப்பதி ஏறி எறங்கிட்டேன். எனக்கு இன்னா ஆயிப்போச்சி?"

எழிலரசி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். "அவன்தான் சொல்றானே. அவனுக்குத் தெரியாததா?" என்றாள். கஜபதி ஸ்பேசரைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குமேல் ஒரு மச்சானிடம் என்ன கேட்க முடியும்? பாபுவே குனிந்து மாட்டினான், ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்கினான். சக்கரம் வெளியே தள்ளி நின்றதும் கார் காலை அகட்டி நிற்கிற பயில்வான் மாதிரி ஆனது. மகள் வர்ஷா போட்டோ எடுத்தாள்.

சித்திரையில் லேசாக ஆட்டம் தெரிந்தது. அறுபதைத் தாண்டினால் பின்சீட்டில் ஒரு நடுக்கம். கஜபதி போன் செய்தான். "கொஞ்சம் ஓடனதுக்கு அப்புறம் நட்ட ஒரு தபா இறுக்கணும், அவ்ளோதான். வாங்க" என்றான் பாபு. போனார்கள். இறுக்கிக் கொடுத்தான். ஆட்டம் கொஞ்ச நாள் இல்லாமல் இருந்தது.

ஆனி மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாணம். மாவுப் பாக்கெட்டுகளைக் கொடுத்து முடித்து, எழிலரசி தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் வர்ஷா. பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டையை நெருங்கும்போது பின்பக்கம் டக் டக் என்று ஏதோ தட்டியது. கஜபதி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டப் பார்த்தான். அதற்குள் காரின் இடது பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, நெருப்புப் பொறி பறக்க இழுத்துக்கொண்டு போனது.

அவர்களைத் தாண்டி இடதுபக்கம் ஒரு சக்கரம் தனியாக உருண்டு போயிற்று.

"அப்பா, அது நம்ம வீலு" என்றாள் வர்ஷா.

அது வேகம் குறையாமல் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, மண்மேட்டில் ஒரு முறை எகிறி, ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தவர்களைப் பார்த்துப் போனது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் ஜுபைதா. பூந்தமல்லிக்காரி, நாற்பது வயதிருக்கும். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவள். கணவர் உஸ்மான் கனி சந்தையில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். சக்கரம் அவள் தொடையில் அடித்து, விழுந்தவள் மேல் ஏறிப் போய் ஒரு டீக்கடைப் பெஞ்சில் மோதி நின்றது.

ஆம்புலன்ஸில் எழிலரசிதான் கூடப் போனாள். ஜுபைதா சத்தம் போடவில்லை. எழிலரசியின் பட்டுப்புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "காலு கீதா? காலு கீதா பாரு" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கஜபதி காரோடு நின்றான். செய்தி கேட்டுப் பாபு வந்து சேர்ந்தான். போலீஸ்காரர் வண்டிகளை ஒதுக்கிவிடுகிற வேலையில் இருந்தபோது, அவன் ஸ்பேனரை எடுத்து அச்சில் தொங்கிக்கொண்டிருந்த உடைந்த ஸ்பேசரைக் கழற்றினான். வலது பக்கத்து நல்ல ஸ்பேசரையும் கழற்றினான்.

"எதுக்குடா கழட்டற?"

"மாமா, நான் சொல்றதக் கேளுங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து இதப் பாத்தா, வண்டிய மாத்தி வச்சிகீறன்னு ஒங்க மேல இன்னொரு கேசு ஏத்துவான். பள்ளத்துல வுட்டேன், நட்டு லூசாயி வீல் கழண்டுகிச்சின்னு சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

உடைந்த துண்டு கொஞ்ச நேரம் கஜபதியின் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனிடமிருந்து பாபு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

ஸ்டேஷனில் கஜபதி அப்படியேதான் சொன்னான்; ஸ்பேசர் உடைந்தது வீட்டாருக்குள் மட்டும் இருந்தது. அஜாக்கிரதையாக ஓட்டியதாக அவன்மேல் கேஸ் எழுதினார்கள். ஜுபைதாவுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். இனி சம்மணம் போட்டு உட்கார முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். துணியை இறுக்கிக் கட்டும் ஆரிக் கட்டையின் முன்னால் தரையில் உட்கார்ந்துதான் அவள் இத்தனை வருஷம் ஊசி பிடித்தாள்.

அந்த நாட்களில் பாபு ஓடி ஓடிச் செய்தான். வக்கீலைப் பிடித்தான், காரை வெளியே எடுத்தான், அக்காவுக்குச் சாப்பாடு வாங்கி வந்தான். "இந்தப் புள்ள இல்லன்னா நாம இன்னா பண்ணியிருப்போம்?" என்று எழிலரசி சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கஜபதியோ வேலைக்குப் போனான், வந்தான், சட்டையில் ஒட்டிய இரும்புத் துகளைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். பாபு வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவான். ஜுபைதாவின் கால் அவன் மனதை அறுக்கிறது என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் அதற்குமேல் கேட்கவும் முடியவில்லை.

ஆடி முடிந்து ஆவணியில் பாபுவின் மனைவி சிம்ரனுக்கு வளைகாப்பு வைக்க வேண்டியிருந்தது. நாள் பேச எழிலரசி வானகரத்தில் அவர்கள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனாள். பாபுவோடு இருக்கும் அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். சிம்ரன் மட்டும் இருந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்து டீ போட்டுக் கொடுத்தாள். சின்னப் பெண், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அண்ணனுக்கு ஆனத நெனச்சா எனக்கு இன்னும் பயமா கீது அண்ணி. நாங்களும் அப்டிதான் போயி விழுந்திருப்போம். ஏதோ நல்ல நேரம்."

"நீங்க ஏன்டி விழப்போறீங்க?"

"இல்ல அண்ணி, எங்க வண்டிலயும் அது இருந்துச்சில்ல. அந்த ஸ்பேசரு. மதுரவாயல் பாலத்து மேல வண்டி ஆடுச்சின்னு எறங்கிப் பாத்தா நட்டு மாட்டற போல்ட்டு ஒண்ணு முறிஞ்சி கீது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்த நேரம். அத்த கழட்டினாத்தான் வண்டில ஏறுவேன்னுட்டேன். கழட்டிட்டாரு."

எழிலரசி டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்போ கழட்னான்?"

"பொங்கலு கழிச்சி."

"கழட்டி இன்னா பண்ணான்?"

"போல்ட்ட மாத்திட்டு, தோ இங்கதான் பால்கனில ஒக்காந்து பெயிண்ட் அடிச்சினு இருந்தாரு. எனக்கு அந்த வாடைக்கே வாந்தி. ஒதவாதத்துக்குப் போயி இன்னாத்துக்குங்க பெயிண்டுன்னு கேட்டேன். கடைல சும்மா அழகுக்கு மாட்டி வைக்கறேன்னாரு."

"இன்னா கலரு?"

"செவப்பு அண்ணி. ஏன்?"

எழிலரசி எழுந்து பால்கனிக்குப் போனாள். காயப்போட்ட துணிக்குக் கீழே, டைல்ஸ் தரையில் சிவப்புப் பொட்டுகள் சிதறியிருந்தன. நடுவில் வட்டமாக ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு தட்டு அகலம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து சிம்ரன், "வெயில்ல நிக்காதீங்க அண்ணி, டீ ஆறுது" என்றாள். வந்து உட்கார்ந்து அந்த டீயை முழுதும் குடித்தாள். வளைகாப்புக்கு நாள் சொல்லவில்லை. அவசர வேலை என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கடைக்கு நடந்தே போனாள். லாரிகள் கிளப்பிய புழுதி கண்ணில் விழுந்தது. கடையில் ஒரு பையன் தன் காருக்கு வீல் பார்த்துக்கொண்டிருந்தான். பாபு அவனிடம் பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, வா வா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. கண்கள் சுவரில் ஓடின. வீல்களுக்கு மேலே, கொக்கிகளில் வரிசையாகச் சாமான்கள் தொங்கின. அதில் ஒன்று சிவப்பு. மண்ணும் கறையும் போகத் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டியிருந்தது.

"இது எந்தக் காருது?" என்று கேட்டாள்.

பாபு அவளைப் பார்த்தான். பிறகு அந்தப் பையனிடம், "தம்பி, சாய்ங்காலமா வா" என்றான். அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"சிம்ரன் இன்னா சொல்லுச்சி?"

"அவ ஒண்ணியும் தப்பா சொல்லல. அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நீ சொல்லு. ஒன் வண்டில போல்ட்டு முறிஞ்சத எடுத்தா என் வண்டிக்கு மாட்ன?"

"போல்ட்டு புதுசு போட்டேன்க்கா. நாலும் புதுசு."

"ஒன் வண்டிக்கே போட்டுகினு ஓட்டறதுதான?"

அவன் தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டினான்.

"ஒடைஞ்சதே அந்த வட்டு, போல்ட்டு இல்ல. அதுல ஏதாச்சும் பாத்தியாடா நீ? பெயிண்ட் அடிக்கும்போது பாத்தியா?"

"நூலு மாதிரி ஒண்ணு இருந்துச்சி. கீறல்னு நெனச்சேன்."

"கீறல்னு நெனச்சியா, நெனச்சிக்கினியா?"

பாபு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அந்த வீலு ஒங்க வண்டிக்குச் சேராதுக்கா. அது மாட்டும்போதே எனக்குத் தெரியும். வேற ஒருத்தனுக்கு வாங்கினது, அவன் வேணாம்னுட்டான். உரசுதுன்னு மாமா சொன்னப்ப, தப்பான வீலு குடுத்துட்டேன்னு எப்டி சொல்றது? அவரு ஏற்கெனவே என்ன அரைகொறைன்னு நெனைக்கிற ஆளு. கையில இது இருந்துச்சி. மாட்டிட்டேன்."

"என் வண்டில ஓடினுகீதுன்னு சொன்னியேடா. அன்னிக்கு அது ஒன் வண்டிலயே இல்ல."

"ஓடினு இருந்துதுதான..."

"மாட்டும்போது என் நெனப்பு வரலியா ஒனக்கு? வர்ஷா நெனப்பு?"

பாபு நிமிர்ந்தான். பொய் சொல்லியிருக்கலாம். அப்போது அவனுக்கு அது தோன்றவில்லை.

"வந்துச்சிக்கா. மாமா மெதுவாத்தான ஓட்டுவாரு, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

எழிலரசிக்குக் காதுக்குள் கிரைண்டர் ஓடுவது போல இருந்தது. மறந்துபோய்ச் செய்தான், தெரியாமல் செய்தான் என்று எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் அவள் நடந்து வந்த வழியெல்லாம் தேடினாள். நினைத்துப் பார்த்துவிட்டு மாட்டியிருக்கிறான். பொண்டாட்டி ஏறமாட்டேன் என்று சொன்னதை அக்காவுக்கு ஆகும் என்று தீர்மானித்திருக்கிறான்.

எக்கி, கொக்கியிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்பேசரை எடுத்தாள். கனமாக இருந்தது. கைப்பைக்குள் போட்டாள்.

"அத்த இன்னா பண்ணப்போற?"

"இத்த மறுபடியும் எவனுக்கு மாட்டறதுக்கு வச்சிருந்த?"

"அக்கா, ஸ்டேஷனுக்கு எடுத்துகினு போனா என் கடை போயிடும். கொழந்த வரப்போவுது. மாமா மேல கேசு இருந்தா ஃபைன்ல போயிடும், வக்கீல் சொல்லிட்டாரு. என்ன மாட்டி வுடாத."

"அவரு ஓட்டத் தெரியாத ஆளுன்னு எழுதி வச்சிகீறாங்கடா. நீ எழுத வச்ச."

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள்.

அன்று சாயந்திரம் கஜபதி வேலை முடிந்து வந்தபோது சமையல் மேடையில், ஊறப்போட்ட அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. அவன் பார்த்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றாள் எழிலரசி.

அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "ஒடஞ்ச துண்டு கைல இருந்துச்சில்ல. பாத்தேன். பாதி எடம் புதுசா ஒடஞ்சி வெள்ளையா இருந்துச்சி. மீதி எடத்துல செவப்பு. ஒடவுக்குள்ள பெயிண்டு எப்டிப் போவும்? பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே அங்க வெடிப்பு இருந்துகீது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒன் தம்பி எழிலு. அவன் வாங்கும்போதே அப்டி வந்துச்சோன்னு நெனச்சேன். அப்புறம் அவன் அவ்ளோ அவசரமா பைல போட்டத நெனச்சேன். நான் சொல்லி நீ நம்பலன்னா? நான் பண்ணதுக்கு அவன் மேல பழி போடறேன்னு நீ நெனச்சிட்டா, அதுக்கப்புறம் இந்த ஊட்ல நான் எப்டி ஒக்காருவேன்?"

நம்பியிருக்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது. அன்று மாவு ஆட்டவில்லை. ஊறின அரிசியை வடித்து முறத்தில் கொட்டிவைத்தாள்.

மறுநாள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாற்றிச் சொன்னதற்காகக் கஜபதி திட்டு வாங்கினான், அவன்மேல் இருந்த கேஸும் போகவில்லை. பாபுவின் பெயரும் அதில் ஏறியது. காரைப் பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்பேசரைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல பொருளா இருந்து, வண்டிக்குச் சரியான அளவா இருந்து, ஒழுங்கா இறுக்கியிருந்தா ஓடலாம். ஆனா எத்தனை பேர் அப்படி மாட்டறாங்க? இது காஸ்டிங், ஊத்தின மாலுங்க. கைல எடுத்தாலே தெரியுமே" என்றார். கஜபதி தலையைக் குனிந்துகொண்டான். மாசி மாதம் அவன் கைக்கும் அது தெரிந்திருந்தது.

ராத்திரி அம்மா போன் செய்தாள். "கூடப் பொறந்தவன போலீசுல காட்டிக் குடுத்துட்டு எப்டிடி சோறு எறங்குது ஒனக்கு? அந்தப் பொண்ணு வவுத்துல புள்ளையோட அழுவுது."

"சோறு எறங்கலம்மா" என்றாள் எழிலரசி. அம்மா வைத்துவிட்டாள். வளைகாப்பு நடந்தது என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் பூந்தமல்லிக்குப் போய் ஜுபைதாவைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கஜபதியின் பைக்கில் போனாள். அவன் கீழே நின்றுகொண்டான். மாடியில் ஒற்றை அறை. ஜுபைதா கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, சின்ன வளையத்தில் துணியை இறுக்கி மடியில் வைத்துத் தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். உஸ்மான் கனி வண்டியோடு சந்தைக்குப் போயிருந்தார்.

எழிலரசி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வீல், ஸ்பேசர், பெயிண்ட், பால்கனி, கடைச் சுவர். எதையும் குறைக்கவில்லை. ஜுபைதா ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். பாபுவின் பெயர் வந்தபோதுதான் நிறுத்தினாள்.

"ஒசரமா, தாடி வச்சிகினு இருப்பானே. அவனா?"

"அவன்தான்."

"அவன் வந்தான்மா ஆஸ்பத்திரிக்கு. ஒனக்குத் தெரியாதா? ரெண்டு மூணு தபா வந்தான். ஒங்க ஊட்டுக்காரரு வந்தாலும் தூரமா நின்னுட்டுப் பூடுவாரு. அவன் என் கட்டில்கிட்ட ஒக்காந்து என் கையப் புடிச்சிகினு அழுதான். இவங்க ரோட்டுல இப்டிப் பண்ணிட்டாங்களேன்னு அழுதான். என் பொண்டாட்டி மாசமா கீது, எனக்கு பயமா கீது, ஒங்க வாயால நல்லதா ஒரு வார்த்த சொல்லுங்கன்னான். நானும் அது நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு தெனம் துவா செஞ்சினு கீறேன். இன்னிக்கு காலைலகூட செஞ்சேன்."

எழிலரசி கட்டிலில் நீட்டியிருந்த அந்தக் காலைப் பார்த்தாள்.

"செஞ்சத இனிமே வாபஸ் வாங்கவா முடியும்? அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி, பாவம்" என்றாள் ஜுபைதா. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். வெகுநேரம் எழிலரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அடுத்த தபா ஒங்க ஊட்டுக்காரர மட்டும் அனுப்பு. நீ வராத. ஒனக்கும் அவனுக்கும் ஒரே மூஞ்சி. இத்தினி நாளு எனக்குத் தெரியல. இப்ப அதுதான் தெரியுது."

எழிலரசி தலையாட்டினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்த தண்ணீர்ச் சொம்பை ஜுபைதாவின் கைக்கு எட்டுகிற மாதிரி எடுத்து வைத்தாள். படியிறங்கினாள்.

கஜபதி பைக்கைக் கிளப்பினான். "இன்னா சொன்னாங்க?"

"அடுத்த வெள்ளிக்கெழம நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"ஏன், நீ வரலியா?"

அவள் ஹெல்மெட்டை மாட்டி, முகத்துக்கு நேராகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.